குழி பதில் சொல்லாத வேட்டு

வேட்டுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெடிமருந்தைக் குறைத்துப் போடச் சொல்லி உங்களிடம் யாரும் வரமாட்டார்கள். வருகிறவர்கள் எல்லோரும் ஏற்றத்தான் சொல்வார்கள். தேர் இழுக்கிற ஊரில், பக்கத்து ஊருக்குக் கேட்க வேண்டும் என்பார்கள். கல்யாண வீட்டில், செல்போன் வீடியோவில் சத்தம் சரியாக விழவில்லை, இன்னொரு தரம் பெரிதாகப் போடு என்பார்கள். குன்னம் பக்கத்தில் ஒரு மக்காச்சோளக் கொல்லைக்காரர், "பன்னி இனிமே இந்த ஜில்லாவுக்கே வரக்கூடாது, அந்த அளவுக்குப் போடுய்யா" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் பாதி அளவுதான் போட்டேன். அதற்கே அவருடைய மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் நின்றது. பன்றி மறுநாளும் வந்தது.

நான் ஏழாவதைப் பாதியில் விட்டவன். கணக்கு எனக்கு வராது. பயம் நன்றாக வரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். சிலிண்டரை அணைத்தேனா என்று பஸ்ஸை நிறுத்தி இறங்கியிருக்கிறேன். இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு கருமருந்துத் தொழிலில் எப்படிக் காலம் தள்ளினாய் என்று கேட்பார்கள். இந்தப் புத்தி இல்லாமல் எப்படித் தள்ளியிருக்க முடியும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் காலத்து அதிர்வேட்டு என்றால் இரும்புக் குழாய். முழங்கால் உயரம்கூட இருக்காது, கனம் மட்டும் ஆளைச் சாய்க்கும். உள்ளே மருந்து, மேலே இறுக்கிய மண், பக்கத்துத் துளையில் திரி. அதை எப்படிச் செய்வது என்று உங்கள் லைசென்ஸ்காரர் காட்டிக்கொடுப்பார். எவ்வளவு போடுவது என்பதை யாரும் காட்டிக்கொடுக்க முடியாது. அதே குழாய்தான், அதே மருந்துதான். ஆனால் வீட்டு வாசலுக்கு ஓர் அளவு, வெட்டவெளிக்கு ஓர் அளவு. உள்ளே பச்சைக் குழந்தை இருக்கிறதா, சுவர் மண்சுவரா, மாடு எங்கே கட்டியிருக்கிறது, வானம் மூடியிருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் போகிறது, இவ்வளவையும் பார்த்துத்தான் மருந்துத் தம்ளரைக் கையில் எடுக்க வேண்டும். தம்ளர் கைக்கு வந்த பிறகு யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. அழுகிறவர்கள் சொன்னால்கூட. அழுகிறவர்கள் சொல்லும்போதுதான் அது கஷ்டம்.

எங்கள் வேலை இரண்டு பேர் வேலை. அளப்பது, கெட்டிப்பது, திரி கோப்பது என் பங்கு. வெடித்து முடிந்ததும் குழாய்க்குக் கிட்டப் போய் எடுத்து வருவது சேகரின் பங்கு. சேகர் என் மனைவிக்குத் தம்பி. அப்போதே முப்பது தாண்டியவன், நல்ல திடமான ஆள், வாய் கொஞ்சம் நீளம். நான் அளந்த மருந்தில் பிசகு இருந்தால் போவது அவன் முகம், அவன் கை, அவன் உயிர். நாங்கள் லோடு ஆட்டோவில் ஏறும்போதெல்லாம் மாமியார் வாசலுக்கு வந்து ஒன்றே ஒன்றைத்தான் சொல்வார்.

"மாப்ள, அவன் முன்னால ஓடுவான். நீங்கதான் பின்னால இழுக்கணும்."

"மாமாவா?" என்று சேகர் சிரிப்பான். "அவரு தீக்குச்சி கிழிக்கிறதுக்கே நல்ல நாளு பாப்பாரும்மா. அவரு இழுத்து நான் வரப்போறனாக்கும்."

அந்த வேலை செந்துறைக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓர் ஊரில் வந்தது. பேர் வேண்டாம். ஊரை ஒட்டி, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய குழி இருக்கிறது. அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஓர் ஊரையே தூக்கி உள்ளே வைக்கலாம். அடியில் பச்சைத் தண்ணீர். இறந்தவர் பேர் கொளஞ்சி. குழி ஓடிய காலத்தில் அதில் பாறைக்கு வெடி வைக்கிற வேலை பார்த்தவர். வெடிக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இளம் வயதிலேயே இரண்டு காதும் போய்விட்டவர்.

கார்த்திகை மாதம். மழை பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. கொளஞ்சியை வாசலில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய ஒரே மகள் தேன்மொழி. கால்மாட்டில், தரையில், ஒரு பெரியவர். செல்லமுத்து என்று பேர். கொளஞ்சியோடு சேர்ந்து அதே குழியில் வெடி வேலை பார்த்தவர், அவருக்கும் காது கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் நாற்காலியில் இருக்க, அவர் மட்டும் ஈரத் தரையில் உட்கார்ந்து வலது கையை விரித்து மண்மேல் வைத்திருந்தார்.

வழக்கப்படி வாசலில் ஒரு வேட்டு போட வேண்டும். சாவு விழுந்த சேதி ஊருக்குப் போவது அதில்தான். கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் இருந்ததால் மிகவும் குறைத்து அளந்தேன். வெடித்தது. பெட்டியின் கண்ணாடி லேசாகக் கிணுகிணுத்தது. செல்லமுத்து தலையை ஆட்டிவிட்டு ஒரு விரலைக் காட்டினார்.

"ஒண்ணு," என்றார். காது கேளாதவர்கள் பேசுகிற பெரிய குரலில்.

நான் விழித்ததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் விளக்கினார். "அவுங்க ரெண்டு பேரும் அப்படித்தாங்க. எத்தனை ஓட்டைக்கு மருந்து வச்சாங்களோ அத்தனையும் தரையில வந்து சேந்தாத்தான் குழிக்குள்ள ஆள எறங்க விடுவாங்க. காது போன பொறவு எல்லாம் கைதான்."

தேன்மொழி எழுந்து என்னிடம் வந்தார். அழுது முடித்து, முகம் காய்ந்திருந்தது.

"அண்ணே, இதுக்குப் பேரு வேட்டா? எங்கப்பாவுக்குக் கேக்கல."

சேகர் மெதுவாக, "செத்தவருக்கு எப்படிக்கா கேக்கும்?" என்றான்.

"உசுரோட இருந்தப்பவும் கேக்கலியே. நான் பொறந்து அழுததே அவருக்குக் கேக்கல. என் பேர எங்கம்மா சிலேட்டுல எழுதிக் காட்டுனாங்களாம். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கேட்டுட்டுப் போவட்டும்ணே. சுடுகாட்டுல போடறதெல்லாம் ரெட்டை மருந்தாப் போடுங்க."

 பார்க்கிறேன் என்பதுபோலத் தலையை அசைத்தேன். 

சவ ஊர்வலம் கிளம்புவதற்கு முன்னாலேயே நாங்கள் குழாய்களோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டோம். ஊருக்கும் குழிக்கும் நடுவில் ஒரு கீற்றுப்போல மிச்சம் விட்ட இடம்தான் சுடுகாடு. அதைத் தாண்டி ஒரு நீளமான மண்மேடு, குழியிலிருந்து அள்ளிப் போட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் குழியின் விளிம்பு.

சேகர் குழாயை இறக்கிக்கொண்டே கேட்டான். "அந்தக்கா சொன்னது பாவமா இருக்கு மாமா. ஏத்திப் போட்டுட்டுத்தான் போலாமே."

"குழாய் பழசுடா."

"நீங்களும்தான் பழசு. வெடிச்சா போயிட்டீங்க?"

"எடுக்கப் போறது நீ."

"அது நான் பாத்துக்கறேன். நீங்க அளங்க."

நான் மேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்தேன். குழியின் எதிர்ச்சுவர் வெள்ளையாக, நேராக நின்றது. நடுவில் மூடுபனி மாதிரி ஏதோ அசையாமல் கிடந்தது. ஒரு காக்கை இல்லை, கொக்கு இல்லை. ஈரக்காற்று தொண்டையில் பட்டு இருமினேன். நான் இருமி முடித்து, வாயைத் துடைத்து, துண்டைத் தோளில் போட்ட பிறகு, அந்த இருமல் எதிர்ச்சுவரிலிருந்து திரும்பி வந்தது. என்னைவிட வயதான ஆள் இருமினது மாதிரி இருந்தது. சுண்ணாம்புத் தூசி தின்ற நெஞ்சு இருமுகிற மாதிரி.

உடம்பு சிலிர்த்துக்கொண்டது. ஆனால் அந்தச் சிலிர்ப்பிலேயே ஒரு வழியும் தெரிந்தது. மருந்தை ஏற்ற வேண்டியதில்லை. குழாய்களை மேட்டுக்கு அந்தப் பக்கம், விளிம்புக்குக் கிட்ட வைத்தால் போதும். ஒரு வேட்டுக்குக் குழி இன்னொரு வேட்டைத் திருப்பிக் கொடுக்கும். மண்மேடு ஜனங்களுக்குப் பாதுகாப்பாகவும் இருக்கும். தேன்மொழி கேட்ட ரெட்டைச் சத்தமும் கிடைக்கும், சேகருக்கும் ஆபத்தில்லை. என் வாழ்க்கையில் பயமும் நிம்மதியும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

ஐந்து குழாய். எல்லாவற்றுக்கும் வெட்டவெளிக்கு உண்டான அளவுதான் போட்டேன், கூட ஒரு சிட்டிகை இல்லை. ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரே திரியில் ஐந்தையும் கோத்தேன். ஒன்று வெடித்து, அதன் சத்தம் போய்த் திரும்பி வந்து, அப்புறம் அடுத்தது வெடிக்கிற மாதிரி இடைவெளி விட்டேன்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். ஊர்வலம் அங்கே வந்தபோது நான் போய் தேன்மொழியிடம் சொன்னேன்.

"மருந்த ஏத்தலம்மா. ஆனா நீ கேட்டது கெடைக்கும். ஒண்ணு போட்டா ரெண்டா கேக்கும்."

"எப்புடி?"

"உங்கப்பா வேல பாத்த குழி திருப்பிக் குடுக்கும்."

அவர் குழி இருந்த திசையைப் பார்த்தார். வெறும் வானம்தான் தெரிந்தது.

"அப்ப நான் வூட்டுக்குப் போவல. இங்கயே நின்னு எண்ணுறேன்," என்றார்.

சிதை அடுக்கியாகிவிட்டது. அந்த ஊரில் கடைசி வேட்டு வெடித்து அடங்கிய பிறகுதான் கொள்ளி வைப்பார்கள். மகன் இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் கொள்ளிக்கட்டையோடு நின்றான். பறையடிப்பவர்கள் நிறுத்தி நிறுத்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்லமுத்துப் பெரியவர் எத்தனை குழாய் என்று என்னிடம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிதைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டு வாசலில் செய்த மாதிரியே, கையைத் தரையில் வைத்துக்கொண்டார். நான் திரியைப் பற்றவைத்துவிட்டு மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நின்றேன்.

முதல் வேட்டு. நெஞ்சில் அறைந்தது. அடுத்து குழியிலிருந்து இன்னொன்று, கனமாக, கீழேயிருந்து எழும்பி வருகிற மாதிரி. கூட்டத்தில் ஒரு முனகல் ஓடியது. பறை நின்றுபோனது.

"யப்பா, என்னாடா இது," என்றார் யாரோ.

இரண்டாவது. குழி பதில் கொடுத்தது. மூன்றாவது. குழி பதில் கொடுத்தது. புகை மேட்டுக்கு மேலே எழும்பி வரவே இல்லை. எல்லாம் அந்தப் பக்கமாகவே சரிந்து குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். நான்காவது. பதில். இப்போது ஜனங்கள் இரட்டை இரட்டையாகக் கேட்டுப் பழகிவிட்டார்கள். பறைக்காரர்கள் திரும்ப அடிக்க ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் நேரம் ஆனது. எனக்குக் கொஞ்சம் அதிக நேரமாகப் பட்டது. எனக்கு எல்லாமே அதிக நேரமாகத்தான் படும்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்தான். பறையைத் தாண்டிக் கேட்டது, எல்லோருக்கும் கேட்டது. ஒன்றுதான் வந்தது, ஜோடி இல்லை.

"ஆச்சுங்க, அஞ்சும் ஆச்சு. கொள்ளியக் கொண்டாங்க," என்று பெரியவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார்.

சேகர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தான். அவன் பங்கு வேலை அதுதானே.

எனக்கு என்னவோ செய்தது. அந்தச் சத்தம் காதுக்கு வந்தது, நெஞ்சுக்கு வரவில்லை. சட்டைப் பையில் இருந்த தீப்பெட்டி மற்ற நான்குக்கும் அதிர்ந்தது, இதற்கு அதிரவில்லை. ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என்னவோ செய்வது எனக்குத் தினமும் நடக்கிற காரியம். எந்நேரமும் குரைக்கிற நாய் மாதிரி என் பயம். திருடன் வந்த அன்றைக்குக் குரைத்தாலும் எழுந்து பார்க்க எனக்கே சோம்பலாக இருக்கும். பத்து வேலையில் பத்துக்கும் சேகரை நிறுத்தி, பத்துக்கும் ஒன்றும் இல்லாமல் போய், அவன் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறான். அதனால் நின்றேன். திரும்பி செல்லமுத்துவைப் பார்த்தேன்.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் மட்டும் எழவில்லை. கை தரையிலேயே இருந்தது. என்னைப் பார்த்து மறு கையில் ஒரு விரலைக் காட்டினார்.

"இன்னும் ஒண்ணு வரல."

"இந்தா, செவிடன் எண்ணிட்டாரு, நாமெல்லாம் காதவச்சிக்கிட்டு சும்மா நின்னோம்," என்று ஒருவர் சொல்ல, அந்தத் துக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பெரியவர் அவர்கள் வாயைப் பார்த்தார். கையை எடுக்கவில்லை. "வரல," என்றார் திரும்பவும்.

சேகர் அதற்குள் மேட்டின் உச்சிக்குப் போய்விட்டான். நான் ஓடினேன். கத்தினேன்.

"சேகரு!"

அவன் காதில் பறைச் சத்தம். திரும்பவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துக் குழியிலிருந்து அவனை யாரோ கூப்பிட்டார்கள்.

"சேகரு..."

என் குரல்தான். எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பின என் குரல். ஆனால் எனக்கே அது என் குரலாகத் தெரியவில்லை. சேகர் அதைக் கேட்டான். நின்றான், கழுத்தை நீட்டி அந்தப் பக்கம் பார்த்தான்.

"யாரது?" என்றான்.

அந்தப் பக்கமாக இறங்க ஆரம்பித்தான். அவன் முழங்கால் மறைந்தது, இடுப்பு மறைந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆபத்தில் இருக்கிறவனைப் பார்த்தால் கத்த வேண்டும் என்றுதான் உடம்பு சொல்லும். என் வாயில் அடுத்த "சேகரு" வந்து நின்றுவிட்டது. அதை விட்டிருந்தால் குழி இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கும், அவன் இன்னும் நாலு எட்டு இறங்கியிருப்பான். வாயை மூடிக்கொண்டேன். பல்லைக் கடித்து மூடிக்கொண்டேன். காலடியில் ஒரு சுண்ணாம்புக் கட்டி கிடந்தது. எடுத்து என் பலம் முழுவதையும் சேர்த்து எறிந்தேன். அவன் முதுகில், கழுத்துக்குக் கொஞ்சம் கீழே பட்டது.

"யோவ் மாமா! ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

கோபத்தில் திரும்பினான். கோபத்தில் வேகமாக மேலே ஏறினான், என்னை அடிக்கத்தான் வந்தான். உச்சியைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைத்து, என் சட்டையை எட்டிப் பிடிக்கப் போகிற சமயத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் ஐந்தாவது வேட்டு வெடித்தது.

மண் எங்கள் தலையில் கொட்டியது. பறை மறுபடி நின்றது. சேகரின் கை என் சட்டையில் இருந்தது, அடிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரியத்துக்காகக் காத்திருந்தோம். குழி பதில் கொடுக்க வேண்டும். நான்குக்கும் கொடுத்ததே, இதற்கும் கொடுக்கும் என்று நின்றோம். கூட்டமே அப்படித்தான் நின்றது.

குழி பதில் கொடுக்கவில்லை.

செல்லமுத்து தரையிலிருந்து கையை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "இப்ப வச்சிக்கலாம்," என்றார். கொள்ளி வைத்தார்கள்.

திரி ஈரத்தில் நமுத்துப்போய், உள்ளேயே புகைந்து புகைந்து ஏறியிருக்கிறது. அது தொழிலில் உள்ளதுதான், மழை மாதத்தில் நடக்கிறதுதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்ட சத்தம் எது? நான் ஆற அமர நிறைய யோசித்துவிட்டேன். பக்கத்தில் ஓடுகிற வேறு ஏதாவது குழியில் வெடி வைத்திருப்பார்கள் என்றார்கள். அப்படியென்றால் தரைக்கு வந்திருக்கும், பெரியவர் கையில் பட்டிருக்கும். எதிர்ச்சுவர் சரிந்திருக்கும் என்றார்கள். போய்ப் பார்த்தேன், தண்ணீர் கலங்கவே இல்லை. நான்காவது வேட்டின் சத்தமே இன்னொரு சுற்றுச் சுற்றி வந்திருக்கும் என்று அரியலூரில் ஒரு வாத்தியார் சொன்னார். இருக்கலாம். அப்படியே வைத்துக்கொள்கிறேன். ஐந்தாவதுக்கு ஏன் ஒரு சுற்றுகூட வரவில்லை என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

குழாய்களை நானேதான் போய் எடுத்தேன். சேகரை விடவில்லை. அந்த ஐந்தாவது குழாயில், திரித்துளையிலிருந்து மேல்நோக்கித் தலைமுடி மாதிரி ஒரு கீறல் ஓடியிருந்தது. காலையில் அது இல்லை. ஒற்றை மருந்துக்கே அவ்வளவு. தேன்மொழி அழுது கேட்ட ரெட்டை மருந்தைப் போட்டிருந்தால் அந்த இரும்பு துண்டு துண்டாகப் பறந்திருக்கும். உச்சியைத் தாண்டி ஓர் அடி தள்ளி நின்ற சேகரை அந்த மண்மேடு காப்பாற்றியிருக்காது. அதனால்தான் சொல்கிறேன், தம்ளர் கைக்கு வந்த பிறகு யார் கண்ணீரையும் பார்க்காதீர்கள். சத்தம் வேண்டும் என்றால் இடத்தை மாற்றுங்கள், சுவரைப் பாருங்கள், மேட்டைப் பாருங்கள். மருந்தைத் தொடாதீர்கள். குழாயைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வையுங்கள். காது எத்தனை எண்ணினாலும் கையும் அத்தனையே எண்ணியாக வேண்டும். எண்ணிக்கை இடித்தால் கையை நம்புங்கள்.

திரும்பும்போது தேன்மொழி தெருமுனையிலேயே நின்றிருந்தார். மற்ற பெண்கள் எல்லாம் குளிக்கப் போய்விட்டார்கள். ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்.

"நல்லாக் கேட்டுச்சுண்ணே. ரெண்டு ரெண்டாக் கேட்டுச்சு. நீங்க சொன்ன மாதிரியே."

"சரிம்மா," என்றேன்.

"ஒண்ணுதான் புரியல. எல்லாத்துக்கும் வேட்டு மொதல்ல, குழி அப்புறம். கடைசிக்கு மட்டும் குழி மொதல்ல, வேட்டு அப்புறமா வந்துச்சே. ஏண்ணே?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஐந்து வேட்டுக்கு ஐந்து பதில். எண்ணிக்கை குறையவே இல்லை. கடைசிப் பதில் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

"திரி நமுத்துப்போச்சும்மா," என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"எங்கப்பா வேலைல இருந்தப்ப அப்படித்தான் செய்வாராம். வெடிக்கிறதுக்கு முன்னால ஒரு சத்தம் குடுப்பாராம், யாரும் கிட்ட வராதீங்கன்னு. காது போன பொறவும் கத்துவாராம். தான் கத்துறது தனக்கே கேக்காதுன்னாலும்." சொல்லிவிட்டு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவருக்கு அது எச்சரிக்கை. அப்படியே இருக்கட்டும். எனக்கு அந்தச் சமாதானம் கிடைக்கவில்லை. அந்தச் சத்தம் வராமல் இருந்திருந்தால் ஐந்தாவது வெடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சேகர் மேட்டிலேயே ஏறியிருக்க மாட்டான். அவனை மேலே ஏற்றியதே அந்தச் சத்தம்தான். அது வராதே என்று சொன்னதா, வா என்று சொன்னதா? ராத்திரி பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து படுத்த பிறகு இன்றைக்கும் இதைத்தான் யோசிக்கிறேன்.

அன்றைக்கு சேகரும் நானும் வீடு வந்து சேர்ந்தோம். வாசலில் நின்ற மாமியார் அவன் முதுகில் அப்பியிருந்த வெள்ளையைப் பார்த்து, "என்னடா இது?" என்று கேட்டார். "மாமா பின்னால இழுத்தாரு," என்றான்.

இப்போது உங்களில் பாதிப் பேர் அவனிடம்தான் வேலைக்குப் போகிறீர்கள். கடைசி வேட்டுக்குப் பிறகு அவன் மண்டி போட்டுத் தரையைத் தொடுவதைப் பார்த்து, சாமி கும்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு நீங்களும் கும்பிடுவதாகச் சொன்னான். கும்பிடுங்கள், தப்பில்லை. கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இன்னொன்றும் கேட்டீர்களாம், சேகர் அண்ணனுக்குக் காது மந்தமா, எத்தனை தரம் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேன் என்கிறாரே என்று. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். குழாய் வைத்திருக்கிற இடத்தில் பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவன் திரும்ப மாட்டான். கிட்டப் போய்த் தோளைத் தொடுங்கள்.